மழையில் கரைந்த கல்லமேட்டு எலும்புகள்: இருகால் ஊனுண்ணிகள் பற்றி உயிர்ச்சுவடுகள் கூறுவது என்ன?

தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்றொரு சிற்றூர் உள்ளது. இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு அறிஞர்கள் அங்கு கண்டெடுத்த சில எலும்புகளைப் பற்றி 1987ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குறிப்பை வெளியிட்டனர். இடுப்பு எலும்பின் பகுதிகள், தொடை எலும்பின் ஒரு துண்டு, வால் முள்ளெலும்பு ஒன்று, ஏறக்குறைய 2 மீற்றர் நீளமான கணைக்கால் எலும்பு ஆகியன அவற்றுள் அடங்கும். ஆளுயரத்தையும் விஞ்சிய அந்தக் கணைக்கால் எலும்பைக் கண்ட அவர்கள், மாபெரும் உடல் எனப் பொருள்படும் வடமொழிச் சொல்லைக் கொண்டு அவ்விலங்குக்குப் 'பிருகத்காயோசோரஸ்' என்று பெயரிட்டனர். அது இரு கால்களில் நடந்து ஊனுண்டு வாழ்ந்த டைனோசர் என்பதே அன்றைய அவர்களது முடிவாகும்.

அம்முடிவு நிலைக்கவில்லை. இத்துணைப் பெரிய உடலை இரு கால்களில் தாங்கிய ஊனுண்ணி உலகில் வேறெங்கும் அறியப்படவில்லை. 1990களில் சங்கர் சட்டர்ஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதனை மீளாய்வு செய்து, அது நான்கு கால்களில் நடந்த, நீண்ட கழுத்தையுடைய தாவரவுண்ணி வகையைச் சேர்ந்தது என்று கருத்துத் தெரிவித்தனர். இன்று பெரும்பாலானோர் ஏற்பதும் அதனையே. ஆயினும் இந்த வழக்கை இறுதியாகத் தீர்த்துவைக்க வேண்டிய சாட்சி இப்போது இல்லை. களிமண் கலந்த மணற்பாறையில் கிடந்த அவ்வெலும்புகள் எளிதில் நொறுங்குபவை. வெயிலுக்கும் பருவமழைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் அவை சிதைந்து போயின. எஞ்சியவை சில கோட்டோவியங்களும், களத்தில் எடுக்கப்பட்டு 2022ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிடப்பட்ட சில பழைய புகைப்படங்களுமே. 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு இவ்விலங்கின் நிறையை நூறு தொன்னுக்கும் மேலாகக் கணித்திருக்கிறது. அது சரியாயின், நிலத்தில் நடமாடிய மிகப்பெரிய விலங்குகளுள் ஒன்று தமிழ் மண்ணில் வாழ்ந்திருக்கிறது. ஆனால் அதனை அளந்து பார்த்து உறுதிசெய்ய எலும்பு இல்லை.

ஒரு விலங்கு ஊனுண்ணியா, தாவரவுண்ணியா என்னும் அடிப்படைக் கேள்வியே எலும்பொன்றின் அமைப்பில் தங்கியிருப்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. 1993இல் வெளியான 'ஜுராசிக் பார்க்' திரைப்படம் முதல் சிறுவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் வரை எங்கும் நிறைந்திருக்கும் அந்த இருகால் ஊனுண்ணிகளை எவரும் உயிரோடு கண்டதில்லை. அவ்வாறாயின், அவற்றைப் பற்றி விஞ்ஞானிகள் இவ்வளவு உறுதியாகப் பேசுவது எவ்வாறு? எமது பிரதேசத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் இவ்வினாவை அடிக்கடி எழுப்புவதுண்டு. இதற்கான விடையை அமெரிக்காவிலோ சீனாவிலோ மட்டும் தேடவேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், எமக்கு மிக அண்மையிலேயே அது கிடைக்கிறது.

எலும்பு எவ்வாறு கல்லாகிறது?

இறந்த விலங்கின் உடலைப் பிற விலங்குகள் தின்கின்றன. எஞ்சியது அழுகுகிறது. எலும்பும் வெயிலிலும் மழையிலும் கிடந்து பொடியாகிறது. இதுவே இயற்கையின் பொது விதி. இவ்விதியிலிருந்து தப்புவதற்கு அவ்வுடல் விரைவாகச் சேற்றினாலோ மணலினாலோ மூடப்பட வேண்டும். மூடப்பட்ட எலும்பினுள் நிலத்தடி நீர் ஊறி, அதில் கரைந்துள்ள கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளை நிரப்புகின்றன. காலப்போக்கில் மேலே படிந்த படைகள் அழுத்த, சேறு பாறையாகிறது, எலும்பு கல்லாகிறது. இதனையே உயிர்ச்சுவடு என்கிறோம். தமிழ்நாட்டில் இதனைப் புதைபடிவம் என்பர்.

விரைவாக மூடப்படுதல் என்றால் என்ன என்பதை அம்பாறைக் கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனை முதல் பொத்துவில் வரையான கரையை விழுங்கியபோது, கடலடி மணல் நிலத்தின் மீது படைபடையாகக் கொண்டுவந்து கொட்டப்பட்டது. அம்பாந்தோட்டைக் கரையிலுள்ள கரகன் களப்பின் அடிச்சேற்றைத் துளையிட்டு ஆராய்ந்த விஞ்ஞானிகள், எழுத்து வரலாறு அறியாத பண்டைய ஆழிப்பேரலைகள் விட்டுச்சென்ற மணற்படைகளை அங்கு கண்டனர். நிலம் தன்மேல் நிகழ்ந்ததைப் பதிந்து வைக்கிறது. பதிவைப் படிக்கத் தெரிந்தவரே தேவை.

இப்படிப்பைத் தொடங்கிவைத்தவர்களுள் முஸ்லிம் அறிஞர்களும் உள்ளனர் என்பதை எமது இளைய தலைமுறை அறிந்திருத்தல் நலம். அறிஞர் அல்பிரூனி ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், மலையடிவாரத்தில் உருண்ட பெருங்கற்களும், அதற்கப்பால் சிறு கற்களும், கடலை நெருங்குகையில் மணலும் காணப்படுவதை அவதானித்து, வட இந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அரேபியப் பாலைவனத்தின் கற்களுள் கிடைக்கும் சிப்பிகளைக் கொண்டு, அந்நிலமும் முன்பு கடலாக இருந்தது என வேறொரு நூலில் எழுதினார். அவர் காலத்தவரான இப்னு ஸீனா, தாவரங்களும் விலங்குகளும் கல்லாக மாறுவது எவ்வாறு என்பதை விளக்க முயன்றார். கண்ணால் கண்டதைக் கொண்டு காணாததை அறியும் இவ்வழியே இன்றைய உயிர்ச்சுவட்டியலின் அடித்தளமாகும்.

இருகால் ஊனுண்ணிகள்

டைனோசர் என்னும் சொல்லை 1842இல் உருவாக்கியவர் ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன். எனினும் அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னரே, 1828இல், மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன் என்னும் இராணுவ அதிகாரி கல்லாகிய எலும்புகளைக் கண்டெடுத்திருந்தார். அவை டைனோசருடையவை என்பது பின்னரே தெரியவந்தது. அதே ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றில் சார்ள்ஸ் மாட்லி அகழ்ந்தெடுத்த எலும்புகளை ஆராய்ந்து, 1933இல் அவரும் ஜேர்மனியரான பிரெட்ரிக் வொன் ஹியூனாவும் இந்தோசுக்கஸ், இந்தோசோரஸ் முதலிய ஊனுண்ணிகளுக்குப் பெயரிட்டனர்.

இவை யாவும் தெரப்போட் எனப்படும் பெரும் பிரிவைச் சேர்ந்தவை. பின்னங்கால்கள் இரண்டில் மட்டும் நடப்பது, பெரும்பாலும் மூன்று விரல்களே நிலத்தில் பதிவது, உட்புறம் வெறுமையான இலேசான எலும்புகளைக் கொண்டிருப்பது என்பன இப்பிரிவின் பொது அடையாளங்களாகும். இப்பிரிவிலே முதன்முதலில் விஞ்ஞானப் பெயர் பெற்றது, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பக்லண்ட் 1824இல் விவரித்த மெகலோசோரஸ். மிகுந்த புகழ் பெற்றது, 1905இல் பெயரிடப்பட்ட வட அமெரிக்காவின் டைரனோசோரஸ் ரெக்ஸ்.

ஊனுண்ணி என்பதற்கு முதற் சாட்சி பல்லே. பின்னோக்கி வளைந்த கத்தி போன்ற வடிவமும், விளிம்பில் இறைச்சி அறுக்கும் வாளைப் போன்ற நுண்ணிய பற்களும் இவற்றின் பற்களில் காணப்படுகின்றன. தாவரத்தை அரைப்பதற்கு இத்தகைய பல் உதவாது. பல் சொல்வதை வேறு சாட்சிகளும் உறுதி செய்கின்றன. மடகஸ்காரில் வாழ்ந்த மஜுங்காசோரஸ் என்னும் ஊனுண்ணியின் எலும்புகள் சிலவற்றில் பற்தடங்கள் இருந்தன. அத்தடங்களின் இடைவெளியை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அவை மஜுங்காசோரசின் பற்களோடே பொருந்துகின்றன என 2003இல் அறிவித்தனர். அதாவது, அவ்விலங்கு தன் இனத்தின் உடலையும் தின்றிருக்கிறது.

கனடாவின் சஸ்கச்சுவானில் கிடைத்த 44 சென்ரிமீற்றர் நீளமான கல்லாகிய மலக்கட்டி ஒன்றை ஆராய்ந்து 1998இல் முடிவுகள் வெளியாகின. அதனுள் நொறுங்கிய எலும்புத் துணுக்குகள் நிறைந்திருந்தன. டைரனோசோரஸ் தன் இரையை எலும்போடு நொறுக்கி விழுங்கியது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன் தாடையின் கடிவிசை 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை இருந்திருக்கலாம் எனக் கணினி மாதிரிகளைக் கொண்டு 2012இல் கணிக்கப்பட்டது.

எலும்பின் குறுக்குவெட்டிலோ வயது எழுதப்பட்டிருக்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்று எலும்பிலும் வளர்ச்சி வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணி, டைரனோசோரஸ் 14 முதல் 18 வயது வரையான காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் வீதம் நிறை கூடியது என 2004இல் கண்டறியப்பட்டது. சிக்காகோ அருங்காட்சியகத்திலுள்ள 'சூ' என்னும் புகழ்பெற்ற டைரனோசோரஸ், 12 மீற்றருக்கும் அதிக நீளத்துக்கு வளர்ந்து, இருபத்தெட்டு வயதளவில் இறந்திருக்கிறது. அச்சமூட்டும் அந்தப் பேருருவங்களின் ஆயுள் எமது கோயில் யானைகளின் ஆயுளை விடக் குறைவு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

குமணையில் இன்றும் வாழும் உறவினர்

தெரப்போட்டுகள் யாவும் அழிந்துவிட்டன என்று கூறுவது முழு உண்மையாகாது. கோழி இறைச்சியைத் துண்டு போடும்போது நெஞ்சருகே கவட்டை வடிவில் ஓர் எலும்பு கிடைக்கும். அதே கவட்டை எலும்பு தெரப்போட்டுகளின் எலும்புக்கூட்டிலும் உள்ளது. வெறுமையான எலும்பு, மூன்று விரல் பாதம், முட்டையிட்டு அடைகாத்தல் என்பனவும் இரு சாராருக்கும் பொதுவானவை. 1861இல் ஜேர்மனியின் சுண்ணாம்புப் பாறையில், பற்களும் நீண்ட எலும்பு வாலும் கொண்ட, ஆனால் இறகுகளும் உடைய ஆர்க்கியோப்டெரிக்ஸ் வெளிப்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் ஜோன் ஒஸ்ட்ரம் 1964இல் கண்டெடுத்து 1969இல் பெயரிட்ட டைனோனிக்கஸ் என்னும் சுறுசுறுப்பான ஊனுண்ணி, பறவைகளுக்கும் தெரப்போட்டுகளுக்கும் உள்ள உறவை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தது. 1996இல் சீனாவில் சினோசோரொப்டெரிக்ஸ் என்னும் சிறிய தெரப்போட், உடல் முழுவதும் மெல்லிய இறகிழைகளோடு வெளிப்பட்டதும் அவ்விவாதம் பெருமளவு முடிவுக்கு வந்தது. பறவைகள் தெரப்போட்டுகளின் ஒரு கிளை என்பதே இன்றைய விஞ்ஞானத்தின் ஒருமித்த கருத்தாகும்.

ஆகவே அறுகம்பேயிலிருந்து பாணமையைக் கடந்து குமணைப் பறவைகள் சரணாலயத்துக்குச் செல்லும் எவரும், அழியாது எஞ்சிய அக்கிளையின் வாரிசுகளையே காண்கின்றனர். களப்போரச் சேற்றில் நாரையும் கொக்கும் பதித்துச் செல்லும் மூவிரல் தடம், உலகெங்கும் பாறைகளில் கிடைக்கும் தெரப்போட் தடங்களைப் பெரிதும் ஒத்திருப்பது தற்செயலானதன்று.

பாலசினோரின் பாடம்

இனி இந்தியாவின் மிகச்சிறந்த ஊனுண்ணிச் சான்றுக்கு வருவோம். குஜராத் மாநிலத்தின் பாலசினோர் நகருக்கு அருகே ரையோலி என்னும் கிராமம் உள்ளது. 1980களின் தொடக்கத்தில், கனிமங்களை ஆய்வு செய்யச் சென்ற புவிச்சரிதவியலாளர்கள் அங்கு டைனோசர் எலும்புகளையும் முட்டைகளையும் கண்டனர். 1982 முதல் 1984 வரையான காலத்தில் சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா அவ்வெலும்புகளைத் தோண்டியெடுத்தார். அவர் செய்த முக்கியமான காரியம் ஒன்றுண்டு. எந்த எலும்பு எந்த இடத்தில், எந்த எலும்புக்குப் பக்கத்தில், எத்திசை நோக்கிக் கிடந்தது என்பதையெல்லாம் சதுரக் கட்டங்களாகப் பிரித்த வரைபடத்தில் குறித்து வைத்தார்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின், பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் அசோக் சாஹ்னியுடன் அமெரிக்க ஆய்வாளர்களான ஜெப்ரி வில்சனும் போல் செரெனோவும் சேர்ந்து அவ்வெலும்புகளை ஆராயத் தொடங்கியபோது, வரைபடமே வழிகாட்டியாயிற்று. பல விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடந்த குவியலிலிருந்து ஒரே விலங்குக்கு உரியவற்றைப் பிரித்தெடுக்க முடிந்தது. மூளைப்பெட்டி, முதுகெலும்பு, இடுப்பு, பின்னங்கால், வால் ஆகியவற்றின் பகுதிகள் ஒன்றிணைந்தன. நெற்றியில் தாழ்வான ஒற்றைக் கொம்பு கொண்டிருந்த அவ்விலங்குக்கு 'ராஜசோரஸ் நர்மதென்சிஸ்' என்று பெயரிட்டு 2003 ஓகஸ்ட் மாதத்தில் உலகுக்கு அறிவித்தனர். அதன் நீளத்தை முதலில் 9 மீற்றர் வரையும், பின்னர் அதற்குக் குறைவாக 7 மீற்றரளவாகவும் மதிப்பிட்டுள்ளனர். 2010இல் அதே இடத்தின் எலும்புகளிலிருந்து ரையோலிசோரஸ் என்னும் இன்னொரு ஊனுண்ணியும் விவரிக்கப்பட்டது.

ராஜசோரசின் நெருங்கிய உறவினர் மடகஸ்காரிலும் தென்னமெரிக்காவிலும் இருந்தனர். மேலே குறிப்பிட்ட மஜுங்காசோரசும், ஆர்ஜென்டீனாவில் 1985இல் பெயரிடப்பட்ட கார்னோடோரசும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கடல் கடக்கத் தெரியாத இவ்விலங்குகள் இத்துணைத் தூரம் பரவியிருப்பதற்குக் காரணம், அந்நிலங்கள் யாவும் ஒருகாலத்தில் கொண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டமாக இணைந்திருந்தமையே. இலங்கையும் அதன் ஓர் அங்கமாகவே இருந்தது. சுமார் 88 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மடகஸ்காரிலிருந்து பிரிந்த இந்திய நிலத்தட்டுடன் எமது தீவும் வடக்கு நோக்கி நகர்ந்தது.

ரையோலியின் கதையில் எமது வாசகர்களின் கவனத்துக்குரிய இன்னொருவர் உள்ளார். பாலசினோரை முன்னாளில் ஆண்ட பாபி நவாப் வம்சத்தைச் சேர்ந்த ஆலியா சுல்தானா பாபி அவர்கள், அவ்விடத்தைப் பாதுகாக்க நீண்டகாலமாகப் போராடி வருபவர். அக்கிராமத்து வீடொன்றில் மசாலா அரைக்கும் கல்லாகப் பயன்பட்டு வந்த பொருள் டைனோசர் முட்டை என்பதை அவர் அடையாளம் கண்டு மீட்ட செய்தி பரவலாக அறியப்பட்டது. எலும்புகள் களவு போவதையும், சுற்றுலா வருவோர் நினைவுப் பொருளாகக் கற்களை எடுத்துச் செல்வதையும் தடுக்கக் கிராம மக்களையே காவலராக்கியவர் அவர். அங்கு ஓர் அருங்காட்சியகம் 2019இல் திறக்கப்பட்டது. கல்லமேட்டுக்கும் ரையோலிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் காண்கிறோம். ஓரிடத்தில் எலும்பு அழிந்தது. மற்றோரிடத்தில் எலும்போடு வரைபடமும் அதனைக் காக்கும் மக்களும் இருந்தனர்.

எலும்பு அழிந்தாலும் நல்ல பதிவு இருப்பின் அறிவு பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு எகிப்து சாட்சி. பஹரிய்யா பாலைநிலச் சோலையில் 1912இல் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் ஸ்பைனோசோரஸ் என்னும் இராட்சத ஊனுண்ணியை விவரித்தார். 1944 ஏப்ரல் மாதத்தில் மியூனிக் நகர் மீது நடந்த குண்டுவீச்சில் அருங்காட்சியகத்தோடு அவ்வெலும்புகளும் எரிந்து போயின. ஆயினும் ஸ்ட்ரோமரின் விரிவான விவரணமும் ஓவியங்களும் புகைப்படங்களும் எஞ்சின. மொரோக்கோவில் கிடைத்த புதிய எலும்புகளை நிசார் இப்ராஹிமும் அவரது குழுவினரும் 2014இல் விவரித்தபோது, அப்பழைய பதிவுகளே ஒப்பீட்டுக்கு உதவின. நீர்நிலைகளை ஒட்டி மீனுண்டு வாழ்ந்த ஊனுண்ணி அது என்பது இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது. எவ்வளவு தூரம் அது நீந்தியது என்பதில் விவாதம் தொடர்கிறது.

கல்லமேடு சொன்ன மீதிக் கதை

பெரிய எலும்பைப் பறிகொடுத்த கல்லமேடு, சிறிய பல்லொன்றினால் மீண்டும் உலகின் கவனத்தைப் பெற்றது. அங்குள்ள மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் அரித்துத் தேடிய ஆய்வாளர்களுக்குச் சில மில்லிமீற்றர் அளவேயான ஒரு பல் கிடைத்தது. அஞ்சலி கோஸ்வாமி, குண்டுப்பள்ளி பிரசாத் உள்ளிட்ட குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அது துரூடொன்டிட் என்னும் சிறிய தெரப்போட் குடும்பத்தினுடையது என்றனர். அதுவரை ஆசியாவின் வடபகுதியிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மட்டுமே அறியப்பட்டிருந்த அக்குடும்பம், ஏறத்தாழ 70 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் காவிரிப் படுகையிலும் வாழ்ந்தது என்பது அவர்களது முடிவு. ஒற்றைப் பல்லின் மீது எழுப்பிய முடிவாதலால், மேலும் சான்றுகள் கிடைக்கும்போது அது வலுப்பெறவும் கூடும், மாறவும் கூடும். அதே கல்லமேட்டில் கிடைத்த ஆமை ஒன்றுக்குக் 'கூர்மதெமிஸ் கல்லமேடென்சிஸ்' என்று 2001இல் பெயரிடப்பட்டு, அக்கிராமத்தின் பெயர் உலக விஞ்ஞானத்தில் நிலைத்தது.

அக்கால விலங்குகளின் உணவைப் பற்றியும் இந்திய மண் சாட்சி சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிய மலக்கட்டிகளில் புற்களின் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருப்பதை வந்தனா பிரசாத் தலைமையிலான குழு 2005இல் அறிவித்தது. நெல்லின் குலத்தைச் சேர்ந்த புற்களும் அவற்றுள் உண்டு என 2011இல் தெரியவந்தது. ஊனுண்ணிகளின் இரையாக இருந்த தாவரவுண்ணிகள் நெல்லின் பழைய உறவினரை மேய்ந்திருக்கின்றன என்பது, நெல்விளையும் அம்பாறை மாவட்டத்து மக்களுக்குச் சுவையான செய்தியே.

அறுகம்பேயில் ஏன் இல்லை?

இவ்வளவும் படித்த வாசகர், எமது மண்ணில் ஏன் ஓர் எலும்பும் கிடைக்கவில்லை என்று கேட்பது நியாயமே. இதற்கு விடை அறுகம்பேயின் பாறைகளிலேயே உள்ளது. அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற அக்கரையில் யானைப் பாறை, முதலைப் பாறை என நாம் அழைப்பவை, புவிச்சரிதவியலாளர் விஜயன் தொகுதி என்று வகைப்படுத்தும் பாறைகளின் பகுதியாகும். அவை ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, பின்னர் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. டைனோசர்களோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தவை. ஆகவே டைனோசர்கள் பிறப்பதற்கு மிக முன்னரே உருவான பாறையில் அவற்றைத் தேடுவது, பாட்டனின் பெட்டியில் பேரனின் பிறப்புச் சான்றிதழைத் தேடுவதற்கு ஒப்பாகும். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இத்தகைய பழம்பாறைகளால் ஆனது.

எஞ்சிய பகுதியில் நம்பிக்கைக்கு இடமுண்டு. புத்தளத்தை அண்டிய தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களில் ஜுராசிக் காலத்துப் படிவுப் பாறைகள் உள்ளன. அங்கு பன்னங்கள் முதலிய தாவரங்களின் சுவடுகள் கிடைத்துள்ளன. அரியலூர் அடங்கிய காவிரிப் படுகையோ பாக்கு நீரிணையின் கீழாக இலங்கையின் வடபகுதியை நோக்கி நீண்டு கிடக்கிறது. மன்னார் படுகையில் 2011இல் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டதும் இதே காலத்தையொத்த படிவுகளின் ஆய்வினாலேயே. அத்தகைய ஆய்வில் பாறைப்படையின் வயதை அறிய உதவுபவை நுண்ணிய உயிர்ச்சுவடுகள். உயிர்ச்சுவட்டியல் வயிற்றுக்கு உதவாத படிப்பு என்று எண்ணும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

டைனோசர் இல்லாவிடினும் எமது நாட்டில் உயிர்ச்சுவடுகள் இல்லாமலில்லை. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் மாணிக்கத்தோடு எலும்புகளும் பற்களும் வெளிவந்தன. அவற்றை ஆராய்ந்த பி.ஈ.பி. தெரணியகல, நீர்யானையும் காண்டாமிருகமும் ஒருகாலத்தில் இத்தீவில் வாழ்ந்தன என்பதைக் காட்டினார். குருவிட்டவில் கிடைத்த பற்களைக் கொண்டு இலங்கைச் சிங்கம் ஒன்றையும் 1939இல் விவரித்தார். மாணிக்கம் தேடியவர் அப்பல்லைக் கழிவு மண்ணோடு வீசியிருப்பின், இந்நாட்டில் சிங்கம் வாழ்ந்ததற்கான சான்று எமக்குக் கிட்டியிராது.

இன்று செய்யவேண்டியது

அரியலூரின் சுண்ணாம்புக் கற்கள் சீமெந்துத் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளாகின்றன. சுரங்கம் தோண்டுவதால் புதிய உயிர்ச்சுவடுகள் வெளிவருவது உண்மை. எவரும் பார்க்குமுன் அவை நொறுக்கப்படுவதும் உண்மை. அரியலூரை அடுத்த வாரணவாசியில் தமிழ்நாடு அரசு அமைத்துள்ள அருங்காட்சியகம் வரவேற்கத்தக்கது. புவிச்சரிதவியல் மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் சட்ட வரைவொன்றை 2022இல் இந்திய அரசு வெளியிட்டது. இவை தாமதமாகவேனும் எடுக்கப்பட்ட நல்ல முயற்சிகள் எனலாம்.

மறுபுறம், அவசரத்தால் வரும் கேடும் உண்டு. 2020இல் பெரம்பலூர் மாவட்டத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சமூக வலைத்தளங்களில் செய்தி பரவியது. புவிச்சரிதவியலாளர் சென்று பார்த்தபோது, அவை கடல் உயிரினமான அம்மோனைட்டுகளைச் சூழ்ந்து இறுகிய உருண்டைப் படிவங்கள் எனத் தெரியவந்தது. உருண்டையான கல்லெல்லாம் முட்டையாகாது. செய்தியை விரும்பிப் பரப்புவதற்கும் சான்றைக் கேட்டு ஏற்பதற்கும் இடையிலான வேறுபாடு, டைனோசர் விடயத்தில் மட்டும் தேவைப்படும் ஒன்றன்று.

விஞ்ஞானம் தன் முடிவை மாற்றிக்கொள்வதைச் சிலர் பலவீனமாகக் காண்கின்றனர். குஜராத்தில் 1980களில் கிடைத்த ஒரு கற்பாளத்தில் இருந்தவை யாவும் டைனோசர் குஞ்சின் எலும்புகள் என்றே முதலில் எண்ணப்பட்டது. 2001இல் மீண்டும் நோக்கியபோது, முட்டையைச் சுற்றி வளைந்து கிடந்தது ஒரு பாம்பு என்பது புலப்பட்டு, 2010இல் அது 'சனாஜே' என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. கற்பாளம் பாதுகாக்கப்பட்டிருந்தமையால் திருத்தம் சாத்தியமாயிற்று. கல்லமேட்டிலோ சாட்சி கரைந்துவிட்டதால், விவாதம் ஓவியங்களின் மீது நடக்கிறது. முடிவு மாறுவது இழப்பன்று. மீண்டும் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சாமல் போவதே இழப்பாகும்.

எமது பிரதேசத்தில் கிணறு தோண்டும்போதும், வயல் திருத்தும்போதும், வீதி அமைக்கும்போதும், களப்பு ஆழமாக்கப்படும்போதும் மண்ணின் பழைய படைகள் வெளிவருகின்றன. அவற்றில் அசாதாரணமான எலும்போ, சிப்பிப் படையோ, வடிவம் பதிந்த கல்லோ காணப்படின், அதனைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவருதல் முறையன்று. இருந்த இடத்திலேயே அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்து, அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ தேசிய அருங்காட்சியகத் திணைக்களத்துக்கோ அறிவித்தல் வேண்டும். கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இக்காலத்தில் இது கடினமான காரியமன்று. எமது பாடசாலைகள் மாணவருக்கு இதனைக் கற்றுக்கொடுக்குமாயின், ரையோலியில் ஸ்ரீவாஸ்தவா கையால் வரைந்த அந்த வரைபடத்தின் பயனை எமது மண்ணும் பெறும்.